ரெண்டு முடிச்சுக் கயிறு

அந்தப் பையைக் கீழ இறக்கி வச்சுட்டு உக்காருங்கம்மா. யாருக்கும் இடம் புடிச்சு வைக்கல. பக்கத்துல ஒரு பையை வச்சுக்கிறது பழக்கமாயிருச்சு, அவ்வளவுதான். ஆள் வந்து உக்காந்தா நல்லதுதானே. காலையிலேர்ந்து இந்த கேலரியில ஒத்தையா உக்காந்து சுண்டல்காரரு போறதையும் வர்றதையும் பாத்துக்கிட்டிருக்கேன்.

உங்க பொண்ணு எதுல? லாங் ஜம்ப்பா? அந்தா, பச்சை டீசர்ட்டு, ரெட்டைச் சடை, அதுவா? நல்ல வாகு. எந்த ஊரு நீங்க? ஓ, கரூரா. யாரு கோச்சு? ஸ்கூல் பி.டி. மிஸ்ஸா? சரி சரி. நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஆனா நாப்பது பிள்ளைக்கும் ஒரே விசில ஊதி ஓட விட்டா எப்படி? ஒவ்வொருத்தி உடம்பும் ஒவ்வொண்ணு. அதைப் பாக்காம ட்ரெய்னிங் குடுக்கிறது, ஊர்ல எல்லாருக்கும் ஒரே பவர்ல கண்ணாடி மாட்டி விடுற மாதிரி. இதை நான் இருபது வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன், யாரு கேக்குறா?

என் பேரு இந்திராணி. சாத்தூரு. கூட்டுறவு ஆபீஸ்ல கிளார்க்கு, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கிடைச்ச வேலை. காலையில அஞ்சரையிலேர்ந்து எட்டு வரைக்கும் கிரவுண்டுல கோச்சு. அதுக்குன்னு தனியாப் படிப்பெல்லாம் படிக்கல. நான் ஓடினவம்மா. அதுக்கு மேல என்ன படிப்பு வேணும்?

நாலரைக்கு நூறு மீட்டர் பைனல் இருக்குல்ல, இருபது வயசுக்குள்ள பொண்ணுங்க, அதைப் பாக்கத்தான் ஆபீஸ்ல இன்னைக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்தேன், தகுதிச் சுத்தெல்லாம் நேத்தே முடிஞ்சிருச்சு. நாலாவது லேன்ல மோனிஷான்னு ஒரு பிள்ளை ஓடும். என் பிள்ளை. பெத்த பிள்ளை இல்ல, எனக்குக் கல்யாணமே ஆகல. நான் ஆளாக்கின பிள்ளை. மூணு வருஷம் என் கையில இருந்தா. போன ஆடியில என்னை விட்டுட்டு மதுரையில ஜெபசிங்னு ஒருத்தர்கிட்டப் போயிட்டா. இப்ப அவரு பேரைத்தான் என்ட்ரி பாரத்துல கோச்சுன்னு எழுதியிருப்பா. எழுதட்டும். பேருல என்ன இருக்கு? எனக்குப் பாக்க வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. அதைச் சொல்றேன், இருங்க.

முதல்ல அவளைப் புடிச்ச கதையைக் கேளுங்க. மாவட்டப் போட்டியில வெறுங்காலோட ஓடிக்கிட்டிருந்துச்சு. பதினாலு வயசு. குட்டை, கருப்பு, காது வரைக்கும் சிரிப்பு. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறாரு. நானே போயி அவரைப் பாத்து, "பிள்ளைய என்கிட்ட விடுங்கண்ணே, மூணு வருஷத்துல ஸ்டேட் மெடலோட திருப்பித் தர்றேன்"னேன். அந்த மனுசன் கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு.

அன்னையிலேர்ந்து அவ எங்க வீட்டுப் பிள்ளைதான். அஞ்சு மணிக்கு வந்து கதவைத் தட்டுவா. "இந்திராக்கா, எந்திரிச்சாச்சா?" நான் எந்திரிச்சு அரை மணி நேரம் ஆயிருக்கும், இருந்தாலும் அவ தட்டணும்னு பேசாம இருப்பேன். ரெண்டு முட்டை அவிச்சு, ஊற வச்ச கொண்டக்கடலை ஆளுக்கு ஒரு பிடி. தின்னுக்கிட்டே வாய் ஓயாமப் பேசுவா. ஸ்கூல்ல எந்த மிஸ்ஸு எந்த சேலை கட்டிட்டு வந்துச்சுங்கிற வரைக்கும் ஒப்பிச்சிருவா. எங்க வீட்டுக்குள்ள அவ்வளவு பேச்சு அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல.

என் ஸ்பைக்ஸையே அவளுக்குக் குடுத்துட்டேன்மா. அதான், அடியில ஆணி வச்ச ஷூவு. நான் கடைசி ரேஸ் ஓடினப்போ போட்டது. எண்ணெய் போட்டுத் துடைச்சுத் துடைச்சுப் பாதுகாத்து வச்சிருந்தேன். போட்டுக்கிட்டு அப்படியே நின்னா. "எப்படிடி இருக்கு?"ன்னேன். "நல்லாருக்குக்கா"ன்னா. அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. இந்தப் பையிலதான் இருக்கு. போகும்போது திருப்பிக் குடுத்துட்டா. முன்பக்கம் துணியெல்லாம் அடைச்சுப் பத்திரமாத்தான் குடுத்தா, ஷேப்பு கெடக்கூடாதுன்னு. அந்த மரியாதையையாவது காப்பாத்துனா. உங்க பொண்ணுக்கு வேணும்னா எடுத்துக்கோங்க. சும்மாதான் கிடக்கு. லாங் ஜம்ப்புக்கும் ஆகும். யோசிச்சுச் சொல்லுங்க.

அவளுக்கு நான் போட்ட ஷெட்யூல் இருக்கே, அது எந்த புஸ்தகத்துலயும் கிடையாது. நான் எழுதினது. எதுக்கு எழுதினேன் தெரியுமா?

தொண்ணூத்தெட்டுல, இதே ஸ்டேடியம்தான், அப்ப இந்த ரப்பர் ட்ராக்கு இல்ல, வெறும் மண்ணு. இதே மாதிரி ஸ்டேட் ஜூனியர் மீட்டு. எனக்குப் பத்தொம்பது வயசு. துப்பாக்கி வெடிச்சா முதல் ஆளு நான்தான். என் ஸ்டார்ட்டைப் பாக்கன்னே ஆளுங்க வேலியோரம் வந்து நிப்பாங்க. எழுபது மீட்டர் வரைக்கும் என் முன்னாடி ஒரு ஈ காக்கா இல்ல. அப்புறம் கால் ரெண்டும் யாரோ புடிச்சு இழுத்த மாதிரி ஆயிருச்சு. ஒருத்தி போனா. இன்னொருத்தி போனா. மூணாவது ஒருத்தி என் தோளை உரசிக்கிட்டே போனா. நாலாவது. நாலாவதுக்கு மெடல் இல்லம்மா. வேலை கிடைச்சது வேற மீட்டுல. ஆனா அந்தக் கடைசி முப்பது மீட்டரு இருக்கே, அது இன்னும் முடியல எனக்கு.

அன்னைக்கு ராத்திரி பஸ்லயே எழுத ஆரம்பிச்சேன். என்ன செஞ்சிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்? நூத்தைம்பது மீட்டர் ஓட்டம் எத்தனை ஓடியிருக்கணும், இடையில எவ்வளவு நடந்து மூச்சு வாங்கியிருக்கணும், எந்த நாள் மேட்டுல ஓட்டம், எந்த நாள் பள்ளத்துல. ஒரு லாங் சைஸ் நோட்டு முழுக்க. இருபது வருஷமா அடிச்சு அடிச்சு எழுதினது. ஒரே ஒரு உடம்புக்காக அளந்து தைச்ச சட்டை மாதிரி. அதைத்தான் அந்தப் பிள்ளைக்குக் குடுத்தேன். இதை விட ஒரு கோச்சு வேற என்ன குடுக்க முடியும், சொல்லுங்க?

நூத்தைம்பது, நூத்தெண்பது, இரநூறு. வாரத்துக்கு நாலு நாளு. அவ கடைசி முப்பது மீட்டர்ல சாகக்கூடாது, அதான் என் கணக்கு. சாகவும் மாட்டா. அவளுக்குக் கடைசியில எப்பவுமே வேகம் இருந்துச்சு, அது வேற விஷயம். ஸ்டார்ட்தான் கொஞ்சம் மந்தம். எல்லாரும் எந்திரிச்சு ஓடினப்புறம் இவ எந்திரிப்பா. "அது தானா வரும்டி"ன்னேன். எனக்குத் தானா வந்துச்சே!

சில நாள் மூஞ்சிய சுருக்குவா. "அக்கா, முழங்காலுக்குக் கீழ முன்னெலும்பு வலிக்குதுக்கா." எனக்கும் வலிச்சுச்சும்மா. வலிக்கத்தான் செய்யும். ஐஸ் வச்சு விட்டேன், தைலம் தேய்ச்சு விட்டேன், மறுநாள் ஓட விட்டேன். அந்த மூணு நாள் வந்தா படுத்துக்கிடப்பேன்னுவா. நான் அந்த நாள்லதான்மா என் பெஸ்ட் டைமிங்கே ஓடியிருக்கேன். "நான் ஓடல?"ன்னு கேப்பேன். உடனே அவ ஷூ லேஸைக் கட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவா. அவ்வளவு நல்ல பிள்ளை.

இப்ப நான் சொன்னேன்ல, ஒண்ணு பாக்கணும்னு. அந்தா கோட்டுக்கிட்ட சாய்வா ரெண்டு கட்டை தெரியுதா? அதுக்குப் பேரு பிளாக்கு. அதுல காலை ஊணி உந்தித்தான் கிளம்பணும். முன் கட்டை கோட்டுலேர்ந்து ரெண்டு பாதம், பின் கட்டை மூணு பாதம். அவங்கவங்க காலை எடுத்து எடுத்து வச்சு அளந்துக்குவாங்க. மோனிஷாவுக்கு நான்தான் அளப்பேன். தினமும் என் காலால, ரெண்டு, மூணு. பிள்ளை நடந்து குனிஞ்சு சக்திய வீணாக்கக்கூடாதுல்ல? ஒரு நாள் கேட்டா, "அக்கா, ஒரு வாட்டி நான் அளக்கட்டுமா?"ன்னு. "நீ தப்பா அளப்படி"ன்னுட்டேன்.

மீட்டுல கோச்சை ட்ராக்குக்குள்ள விட மாட்டாங்களே, அதுக்கும் வழி பண்ணேன். ஒரு நீல நைலான் கயிறு. என் காலை வச்சு அளந்து ரெண்டு முடிச்சு. முதல் முடிச்சுல முன் கட்டை, ரெண்டாவது முடிச்சுல பின் கட்டை. நான் கேலரியில இருந்தாலும் என் கால் உள்ள இருக்கும். ஸ்பைக்ஸைத் திருப்பிக் குடுத்தா, நோட்டைத் திருப்பிக் குடுத்தா. கயித்தை மட்டும் குடுக்கல. நானும் கேக்கல. இந்த ஏழு மாசமா அதை நெனைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். வச்சிருக்கான்னா என்ன அர்த்தம்? அவ எங்க போனாலும் கோட்டுக்குப் பின்னாடி என் கயித்தைத்தானே போட்டாகணும்? இன்னைக்கு அதை எடுப்பா பாருங்க. நீங்களும் பாருங்க. நீல கயிறு.

ஏன் போனான்னு கேக்குறீங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க. நான் இன்னும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்.

ஒரு வருஷமா பன்னெண்டு புள்ளி ஒம்போது செகண்டுலயே நின்னா. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. நான் ஓட்டத்தைக் கூட்டுனேன். ஆடி மாசம், நல்ல காத்து, மண்ணு கண்ணுக்குள்ள அடிக்குது. அன்னைக்கு அவ கதவைத் தட்டல. கிரவுண்டுக்கு நேரா வந்தா. கால்ல ரப்பர் செருப்பு. கையில ஒரு துணிப்பை.

"அக்கா, மதுரையில ஹாஸ்டல்ல இடம் கிடைச்சிருக்கு. ஜெபசிங் சார் வரச் சொன்னாரு."

"யாருடி அவன்?"

"போன மீட்டுல பேசினாருக்கா. கால் வலிக்கு டாக்டர்கிட்டக் காட்டச் சொன்னாரு. எலும்புல கீறல் இருக்குதாம். ரெண்டு மாசம் ஓடவே கூடாதாம்."

"டாக்டர்கிட்டப் போனியா? என்கிட்டச் சொல்லல?"

"சொன்னேன்க்கா." அவ்வளவு மெதுவாச் சொன்னா. "நெறைய வாட்டி சொன்னேன்."

எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. என்ன பேசுறோம்னு தெரியாமப் பேசிட்டேன். "நான் இல்லைன்னா நீ இந்நேரம் தீப்பெட்டி ஒட்டிக்கிட்டுக் கிடப்ப"ன்னு சொல்லிட்டேன். அவங்க அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குறவங்க. அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன வாயைத் தைக்கணும். அவ அழல. பையை என் கால்கிட்ட வச்சா. கிரவுண்டு கேட்டு வரைக்கும் நடந்து போனா, அங்க ஒரு தடவை திரும்பினா. நான் உடனே விசிலை எடுத்து ஊதினேன், வேற பிள்ளைங்க ஓடுற மாதிரி. அன்னைக்கு கிரவுண்டுல வேற யாருமே இல்லம்மா.

அந்த ஜெபசிங் என்ன ட்ரெய்னிங் குடுக்கிறாருன்னு விசாரிச்சேன். சிரிப்புத்தான் வந்துச்சு. ரெண்டு மாசம் தண்ணிக்குள்ள நடக்க விட்டாராம். அப்புறம் முப்பது மீட்டர், முப்பது மீட்டர், அவ்வளவுதானாம். ஓடினதை விட உக்காந்திருந்தது ஜாஸ்தியாம். ஒரு டைரி குடுத்து, எத்தனை மணி நேரம் தூங்கினே, எங்க வலிக்குது, மாசா மாசம் அந்தத் தேதி எப்ப, எல்லாத்தையும் எழுதச் சொல்றாராம். டைரி எழுதினா ஓடிரலாமா? என்னமோ. அந்த டைரியப் பாத்துட்டுத்தான் அன்னைக்கு என்ன ஓடணும்னே முடிவு பண்ணுவாராம். பிள்ளைகிட்டக் கேட்டுத்தான் கோச்சு ஷெட்யூல் போடணும்னா, அப்புறம் கோச்சு எதுக்கு?

நான் இன்னும் ரெண்டு பிடி கடலைதான் ஊற வைக்கிறேன். கை தானா ரெண்டு வாட்டி அள்ளிருது. காலையில ஒரு பிடியைத் தின்னுட்டு மீதியை எதிர் வீட்டு ஆட்டுக்குப் போடுறேன். அஞ்சு மணிக்கு எந்திரிச்சு உக்காந்திருப்பேன். பால்காரர் வண்டி போகும், பேப்பர் விழும். கதவு மட்டும் சும்மா இருக்கும். ஞாயித்துக்கிழமை ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா. ஆபீசும் இருக்காதுல்ல. யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாமயே அன்னைக்குப் பொழுது போயிரும். திங்கக்கிழமை ஆபீஸ்ல முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கட்டின மாதிரி இருக்கும்.

காலையில வார்ம் அப் பண்ற இடத்துல பாத்தேன் அவளை. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு, "மோனி"ன்னேன். ஓடி வந்தா. உடம்பு தேறியிருக்கா. "வாங்க மேடம், நல்லாருக்கீங்களா? சாப்ட்டீங்களா மேடம்?"னு கேட்டா. மேடம். அக்கான்னு கூப்பிட்ட வாயி. நானும் "நல்லாருக்கேன்மா, நல்லா ஓடு"ன்னு யாரோ மாதிரி சொல்லிட்டு வந்துட்டேன். மன்னிச்சுக்கோடின்னு சொல்லத்தான் போனேன். வாயில வரல.

இந்தா, மைக்ல கூப்பிடுறாங்க. வந்துட்டாங்க, வந்துட்டாங்க! நாலாவது லேன், மஞ்சள் பனியனு, அதுதான் மோனிஷா. கொஞ்சம் தள்ளுங்கம்மா, அந்தக் கொடி மறைக்குது. இந்தப் பையைப் புடிங்க. என் ஸ்டாப் வாட்சு எங்க... இருக்கு, இருக்கு.

பிளாக்கை எடுத்துட்டா. பையைத் திறக்குறா பாருங்க. இப்ப எடுப்பா. நீல கயிறு. எடுக்குறா... இல்ல, அது டவலு. துடைக்கிறா. சரி, வேர்வை. இப்ப எடுப்பா.

பையை மூடிட்டா.

என்ன பண்றா? கோட்டுக்குப் பின்னாடி வந்து நிக்கிறா. காலை வைக்கிறா. குதிகாலோட விரலை ஒட்டி வைக்கிறா. ஒண்ணு. ரெண்டு. அங்க முன் கட்டை. மூணு. பின் கட்டை.

அவ காலால அளக்குறா.

அடியாத்தி. எவ்வளவு கிட்டக்க வந்துருச்சு பாருங்க கட்டை! நான் வைக்கிற இடத்துக்கும் இதுக்கும் நாலு விரக்கடை இருக்கும்மா. பின் கட்டை இன்னும் ஜாஸ்தி. மூணு வருஷம் அந்தப் பிள்ளை எட்டி எட்டி நின்னிருக்கா. என் காலு ஏழாம் நம்பரு. நான் நெட்டை. அவ என் தோளுக்குத்தான் வருவா. தினமும் பக்கத்துல நின்ன பிள்ளைதானே, தெரியாதா எனக்கு? கண்ணு முன்னாடி நின்னுச்சே! "ஒரு வாட்டி நான் அளக்கட்டுமா"ன்னு கேட்டுச்சே!

அந்தப் பையைக் குடுங்க. குடுங்கம்மா. இந்த ஸ்பைக்ஸ்... முன்னாடி அடைச்ச துணி... வர மாட்டேங்குது. ஒட்டிப் போயிருக்கு. இந்தா. தொட்டுப் பாருங்க. கல்லு மாதிரி இருக்கு. வேர்வையில ஊறி ஊறிக் காய்ஞ்சது. இங்க பாருங்க, விரல் பதிஞ்சிருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. இது ஷேப்புக்கு வச்ச துணி இல்லம்மா. இதை வச்சுக்கிட்டுத்தான் ஓடியிருக்கா. மூணு வருஷமா. "எப்படிடி இருக்கு"ன்னதுக்கு "நல்லாருக்குக்கா"ன்னு சொன்னாளே பாவி மக.

செட் சொல்லிட்டாங்க. பேசாதீங்க.

போயிட்டா! முதல் ஆளு! ஆத்தாடி, மோனிஷாவா அது, முதல் ஆளா எந்திரிச்சிருக்கா! போ, போடி, தலையத் தூக்காத, போ! அம்பது... எழுபது... எழுபதுல விட்டுராதடி, விட்டுராத, விட்டுராத...

விடல.

முதல்ல வந்துட்டா. ரெண்டாவது பொண்ணு நல்லா பின்னாடி இருந்துச்சுல்ல? நீங்களும் பாத்தீங்கல்ல? கடைசி முப்பதுல கொஞ்சமும் விடல. அது நான் போட்டது. இல்ல, அது அவகிட்ட முதல்லேயே இருந்துச்சு. நான்தான் சொன்னேனே.

டைமிங்கா? தெரியலம்மா. வாட்சை அமுக்கவே மறந்துட்டேன். கையில இந்தத் துணி இருந்துச்சுல்ல.

அந்தா, அவரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுகுறா. அவர்தான் ஜெபசிங்கு போல. நல்ல மனுசனாத்தான் தெரியுறாரு. இந்தப் பக்கம் பாக்குறா, பாத்தீங்களா? கையை ஆட்டுறா. எல்லாரும் ஆட்டுறாங்க. நானும் ஆட்டுறேன். நான்னு தெரியுமா அவளுக்கு? இவ்வளவு கூட்டத்துல எப்படித் தெரியும். பரவாயில்ல. இறங்கிப் போயி பாக்கணும். மேடம்னு கூப்பிட்டாலும் பரவாயில்ல, சொல்ல வேண்டியதைச் சொல்லிரணும் இன்னைக்கு.

உங்க பொண்ணைக் கூப்பிடுறாங்க போல, லாங் ஜம்ப்புக்கு. போங்க, நீங்க போயி முன்னாடி உக்காருங்க. அந்த ஸ்பைக்ஸை வையுங்கம்மா, இருங்க, எடுத்துட்டுப் போகாதீங்க. நான் பாட்டுக்கு எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன். உங்க பொண்ணு கால் என்ன நம்பரு?